மிளகுக்குள் விழுந்த ஜெட்

எங்கள் வண்டியில் பின் சீட்டு என்பது பாதி வழிக்குத்தான். மீதி வழி என் காலுக்கு. ஏற்காட்டு மலை வாழவந்தியில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி அப்பா இருக்கிற எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் ஒரு மேடு இருக்கிறது. பள்ளத்தில் சின்னப் பாலம், பாலம் தாண்டியதும் ஒரு வளைவு, வளைவு திரும்பினால் ரோடு நெஞ்சுக்கு நேராக எழுந்து நிற்கும். பாலத்துக்கிட்ட வரும்போதே என் வீட்டுக்காரர் தலையை லேசாகத் திருப்புவார். வாயைத் திறந்து சொல்லக்கூட மாட்டார். நான் இறங்கிக்கொள்ள வேண்டும். அவர் மட்டும் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறிப் போய்விடுவார். நான் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, பையைத் தோளில் மாட்டி, அவர் விட்டுப்போன புகையை முகர்ந்துகொண்டே பின்னால் நடப்பேன்.

மேட்டின் பாதியில் ஒரு சில்வர் ஓக் மரம். அதில் கை வைத்து நின்று மூச்சு வாங்குவது வழக்கம். என் கை பட்டுப் பட்டே அந்த இடத்தில் பட்டை வழுவழுப்பாகிவிட்டது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கமாட்டாரா பின்னே, அவர் உட்கார்ந்துதானே ஏறுகிறார்!

காப்பித் தோட்டத்தில் வேலை முடிந்து இறங்கி வருகிற பொம்பளைகளுக்கு என்னைப் பார்த்தால் அன்றைக்குப் பொழுது போன மாதிரி. "ஏனுங்கக்கா, ஊட்ல வண்டி இருந்தும் நடராஜா சர்வீஸ் தானுங்களா?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். "வண்டிக்கு வழி காட்டறதுக்கு முன்னாடி போகோணும், நீங்க என்னங்க பின்னாடி போறீங்க?" என்பாள் இன்னொருத்தி. நானும் சும்மா வரமாட்டேன். "ஆமாடி, வண்டிக்கு நேர்த்திக்கடன். என்னைய நடக்க வைக்கறதுன்னு வேண்டிட்டு இருக்குது" என்பேன். எல்லோரும் சிரிப்போம். ஆனால் மேலே ஏற ஏற எனக்குச் சிரிப்பு வற்றிவிடும். காரணம், மேட்டின் தலையில் அப்பா நிற்பார்.

இந்த வண்டி அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆயுசுக்கும் அந்த எஸ்டேட்டில் மூட்டை தூக்கியவர். மேலே ஜீப் வராத காலத்தில் காப்பி மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு இதே மேட்டில் ஏறியவர். வேலையிலிருந்து நின்றபோது கைக்கு வந்த பணத்தில் முதல் காரியமாகச் சேலத்துக்குப் போய் வண்டியை எடுத்து வந்து, என் கல்யாணப் பந்தலில் எல்லோர் முன்னாலும் சாவியை நீட்டினார். "எம் புள்ள அந்த மேட்டுல நடக்கக் கூடாதுங்க மாப்ள. அவ்வளவுதானுங்க" என்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போய்விட்டார். நான் அழுத அழுகையில் கண்மை கழுத்து வரை வழிந்தது.

முதலில் கொஞ்ச காலம் வண்டி எங்கள் இரண்டு பேரையும் சுமந்து ஏறியது. பிறகு முனகியது. பிறகு மூச்சு வாங்கியது. பிறகுதான் நான் இறங்க ஆரம்பித்தேன்.

அப்பா இப்போதும் அங்கேயேதான் இருக்கிறார், எஸ்டேட் வாட்ச்மேனாக, மேட்டின் தலையில் இருக்கும் தொழிலாளர் லைன் வீட்டில். அம்மா போனபின் தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவோம். என் வீட்டுக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தியதும் "வாங்க மாப்ள" என்பார். சொல்லிவிட்டு அவரைத் தாண்டி வந்து மேட்டின் விளிம்பில் நின்று கீழே பார்ப்பார். வளைவில் என் தலை தெரிந்ததும் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைப்பார். நான் மேலே வந்து சேரவும் வரக்காப்பி கொதிக்கவும் சரியாக இருக்கும். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தபடி, "நடந்தா ஒடம்புக்கு நல்லதுதான் கண்ணு" என்றார். ஆறின காப்பியையும் நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.

போன மாசியில் எங்களுக்கு மிளகு நல்ல காய்ப்பு. எங்கள் துண்டு நிலத்து நிழல் மரங்களில் ஏறியிருந்த கொடியெல்லாம் சரம் சரமாகத் தொங்கியது. பறித்து, மிதித்து, வாசலில் தார்ப்பாயில் காயப் போட்டிருந்தோம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"மிளகு வித்ததும் இந்த வண்டியத் தள்ளிவுட்டு புதுசு ஒண்ணு எடுத்தறலாம் புள்ள. இப்ப வர்றதுல கார்புரேட்டரே கெடையாதாமா."

"ஏனுங்க, எங்கப்பன் குடுத்த வண்டிங்க அது."

"இல்லீன்னு யாரு சொன்னா? அதுக்காக நீ ஆயுசுக்கும் நடக்கறதா?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அன்று ராத்திரி ரசத்துக்கு உப்புப் போடவில்லை. மறந்து போய் அல்ல. அவரும் ரெண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். அவர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவர். மேடு பள்ளம் எல்லாம் பார்த்த பொறுமைசாலி. அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

வண்டி போவது எனக்குப் பெரிசில்லை. இரும்பு, என்றைக்கானாலும் போகத்தான் வேண்டும். ஆனால் மேட்டில் தோற்றுப்போன வண்டி என்ற பேரோடு அது போகக் கூடாது. அப்பா கண் முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் உட்கார்ந்தபடியே மேலே போய் இறங்க வேண்டும். அதற்கப்புறம் காயலான் கடைக்குப் போனாலும் போகட்டும். மறுநாள் காலையில் இதைச் சொல்லியே விட்டேன். அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

"சரி. மிளகு யாபாரி வர்ற வரைக்கும் டைமு. அதுக்குள்ளார உன்னைய வெச்சு ஏறிடுச்சுன்னா வண்டி இங்கயே கெடக்கட்டும். ஏறலீன்னா பேசக் கூடாது."

"ஏறும்" என்றேன், எப்படி என்று தெரியாமலே.

போனில் தேடினேன். வண்டியைப் பிரித்துப் போட்டு வீடியோ எடுக்கிற பையன்கள் நாட்டில் எத்தனை பேர்! வண்டிக்குள் பெட்ரோலையும் காற்றையும் கலக்குகிற டப்பா கார்புரேட்டர், அதற்குள் பெட்ரோல் வரும் துளைதான் ஜெட், அதை மாற்றினால் வண்டி சும்மா பறக்கும் என்று ஒருவன் சத்தியம் செய்தான். கீழேயே கிட் விற்கிற கடையும் காட்டியது. ஆர்டர் போட்டுவிட்டேன். கூரியர்காரர் எங்கள் ஊருக்கெல்லாம் வருவாரா? ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போன் போட்டார். போய் வாங்கி வந்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாக்கெட். உள்ளே ஒரு ஊசி, ரெண்டு ஸ்பிரிங், ரப்பர் வளையம், அப்புறம் வெல்லக்கட்டி நிறத்தில் பித்தளைப் பொடிசாகச் சில ஜெட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நம்பர். நம்பர் கூடக் கூடத் துளை பெரிசு.

வாசலில் மிளகுத் தார்ப்பாயை ஒட்டியே சாக்கை விரித்து வண்டியைப் பிரித்தோம். கார்புரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைத் திறந்து பழைய ஜெட்டை எடுத்தார். அது எனக்குப் பழக்கப்பட்ட முகம்தான். வருஷா வருஷம் மழை முடிந்ததும் "புள்ள, ஊக்கு குடு" என்று என் சேலையில் இருக்கிற ஊக்கை வாங்கி, அந்தத் துளையைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்வார். ஊக்கு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"எதப் போடறது?" என்றார்.

"இதென்ன கேள்விங்க? பெருசத்தான் போடோணும். மேடு ஏற வேண்டாமா?"

"நானும் அதான் நெனச்சேன்" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் உடனே ஒத்துப்போனது அபூர்வம். அப்படி ஒத்துப்போன நாளெல்லாம் ஏதாவது கெட்டிருக்கிறது. பெரிய நம்பரை மாட்டினார். சின்ன நம்பர் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் மூடியில் போட்டு, "இதெல்லாம் பொம்மை வண்டிக்கு" என்று தார்ப்பாயின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

அதற்குள் பனி இறங்கிவிட்டது. எங்கள் மலையில் அது சொல்லிக்கொண்டு வராது. எதிர் வீடு தெரியும், சட்டென்று தெரியாது. மிளகு நனைந்தால் போச்சு. நான் ஓடிப்போய்த் தார்ப்பாயின் நாலு முனையையும் அள்ளிப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். மூடியும் கூடவே உள்ளே போனது எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் வெயில் காட்டி மூட்டை பிடிக்கும்போது மிளகுக்குள் ஒரு காலி மூடி கிடந்தது. எந்த டப்பா மூடியோ என்று விட்டெறிந்தேன்.

பெரிய ஜெட்டைப் போட்டுவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப் போனோம். பாலத்துக்கிட்ட அவர் தலையைத் திருப்பவில்லை. நானும் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வளைவு திரும்பியதும் வண்டி 'பொளக்' என்று ஒரு சத்தம் போட்டது. பின்னாலிருந்து அமாவாசைக் கறுப்பில் புகை கிளம்பியது. ரெண்டு ஆள் நீளம்கூட ஏறவில்லை, நின்றேவிட்டது. முன்னெல்லாம் அவரை மட்டுமாவது ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு அவரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்!

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துப் பொம்பளைகள். "இன்னிக்கு அண்ணனும் நடராஜா சர்வீசுங்களா?" என்றாள் ஒருத்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே அப்பா எட்டிப் பார்த்தார். இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டார். எங்களைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டுமாம். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

அந்த வாரமே சேலத்தில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனைக்குப் போகவேண்டி வந்தது. வண்டியிலேயே இறங்கினோம். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை, பள்ளத்தில் எதுவும் ஓடும். அடிவாரம் தாண்டித் தட்டையான ரோடு வந்ததும் பாருங்கள், அதே வண்டி, அதே ஜெட்! சும்மா பறக்கிறது. மேலே விட்ட அந்தக் கரும்புகையைக் காணோம். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா புள்ள! நொம்ப நல்லா போகுதில்ல! இத்தன நாளு தூங்கிட்டு இருந்துச்சு போ" என்று காற்றில் கத்திக்கொண்டே ஓட்டினார். நானும் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தேன். புதுமனைக்கு வந்தவர்களிடம் எல்லாம் ஜெட்டைப் பற்றியே பேசினார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பும்போது அப்பாவுக்கென்று மிக்சர் பாக்கெட் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பத்தில் சாதாரணமாகப் போயின. அப்புறம் வளைவுக்கு வளைவு வண்டிக்குக் குரல் கட்டியது. ஊர் நெருங்குகிற இடத்தில் மறுபடியும் அந்தப் 'பொளக்'. நின்றுவிட்டது. அவர் இறங்கி வண்டியை முறைத்தார். வண்டியும் அவரை முறைத்தது.

நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். மடியில் மிக்சர் பாக்கெட் கும்மென்று உப்பிக் கிடந்தது. சேலத்தில் வாங்கும்போது சப்பென்று இருந்ததுதான். மலையில் இருக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. கீழே வாங்கின பாக்கெட் மேலே வந்தால் உப்பும். இங்கே வெளியே காற்று லேசு, உள்ளே இருக்கிற காற்று அதைத் தள்ளுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். உப்பின பாக்கெட்டைப் பார்த்தேன். புகைக் குழாயைச் சுற்றிப் படிந்திருந்த கரியைப் பார்த்தேன். எங்கேயோ பொறி தட்டியது.

"ஏனுங்க, அடுப்புல வெறகைத் திணிச்சா என்னாவும்?"

"ஏன், இப்ப சோறாக்கப் போறியா?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"பொகையும். எரியாது."

"எரியறதுக்கு என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டு வெறகை உருவிப்போட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். வண்டியைப் பார்த்தார். என் மடியில் இருந்த பாக்கெட்டைப் பார்த்தார். "அடப் பாவமே! இங்க காத்து கம்மி. நாம பெட்ரோலை இன்னும் ஊத்தறோம்."

"திணிச்சிட்டமுங்க. நல்லாத் திணிச்சிட்டோம்."

அவர் சட்டைப் பையிலிருந்து பழைய ஜெட்டை எடுத்தார். கழற்றியது முதல் கூடவே வைத்திருந்தார் போல. ஆகாசத்துக்கு நேராகப் பிடித்துத் துளை வழியாகப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். துளை வட்டமாகவே இல்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தேய்ந்து அகலமாகிக் கிடந்தது. வருஷா வருஷம் என் ஊக்கு செய்த வேலை! அவர் சுத்தம் செய்யச் செய்ய துளை பெரிசாகி, அது பெரிசாக ஆகத்தான் நான் இறங்கி நடந்திருக்கிறேன். என் ஊக்காலேயே என்னை நடக்க வைத்த மனுஷனை என்ன செய்வது? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அப்புறம் சிரித்தோம் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். கீழே இறங்கிக்கொண்டிருந்த டூரிஸ்ட் காரில் இருந்தவர்கள் ஜன்னலை இறக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"சின்ன ஜெட்டு எங்க வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"தார்ப்பாயோரம் ஒரு மூடில..."

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்தக் காலி மூடி!

மறுநாள் மதியம் மிளகு வியாபாரி வருவதாகச் சொல்லியிருந்தார். மிளகு போனால் ஜெட்டும் போச்சு. ஜெட் போனால் வண்டி போச்சு. புதிதாக ஒரு கிட்டு வரவழைக்க நாளாகும், வியாபாரி வரும் வரைக்கும்தான் தவணை என்று பேசி வைத்தாயிற்று. இன்னும் ரெண்டு நாள் கொடுங்கள் என்று நான் என் வீட்டுக்காரரிடம் கேட்பேனா? கேட்டால் கொடுப்பார்தான். ஆனாலும் கேட்கமாட்டேன். விடிந்ததும் விடியாததுமாக மூட்டைகளை இழுத்து வந்து வாசலில் கொட்டினேன். கறுப்பு மலையாகக் குவிந்தது. அதில் ஒரு மிளகுப் பருமன் பித்தளை. என் வீட்டுக்காரர் குனிந்து விரலால் துழாவ ஆரம்பித்தார்.

"இப்படித் தேடினா அடுத்த மாசிக்குக் கெடைக்குமுங்க. தள்ளுங்க அக்கட்ட" என்று முறத்தை எடுத்தேன்.

அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? முறத்தை மேலே தூக்கிப் புடைத்தால் லேசானது பறக்கும். பக்கவாட்டில் மெல்ல ஆட்டிக் கொழித்தால் லேசானது முன்னால் நகரும், கனமானது பின்தங்கி நிற்கும். அரிசிக்குள் கல் அப்படித்தான் அகப்படும். மிளகுக்குள் பித்தளை அகப்படாதா? நான் கொழிக்கிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, மிளகுல கல்லா?"

"இல்லீங்க்கா. ஜெட்டு."

"என்னது, ஏரோபிளேனா?"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு தன் முறத்தை எடுக்கப் போனார். போகிற வழியில் ரெண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் முறம் முறமாகக் கொழிக்கிற சத்தம்தான். மேட்டில் என்னைக் கேலி செய்கிற அதே பொம்பளைகள். வேலைக்குக் கிளம்பியவர்கள், "சித்த நேரம் இருந்துட்டுப் போறமுங்க" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மிளகுத் தூசியில் ஆளாளுக்குத் தும்மல். தும்மினவளைப் பார்த்து இன்னொருத்தி சிரிப்பாள், அப்புறம் அவள் தும்முவாள். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. ஒருத்தரும் மிச்சம் வைக்கவில்லை.

முதல் ஜெட் என் முறத்திலேயே நின்றது. கறுப்பு எல்லாம் முன்னால் போனபின் மூலையில் மஞ்சளாக ஒரு மினுக்கு. "ஆகா!" என்று நான் போட்ட சத்தத்தில் கோழி கூரைமேல் ஏறியது. அவர் ஓடிவந்து வாங்கி, துணியில் துடைத்து மாட்டினார். மூன்றிலும் சின்னது அதுதான். கிக்கரை உதைத்தார். வண்டி கிளம்பியது, ஆனால் முறுக்கினால் விக்கியது. புகை இல்லை, ஆனால் தெம்பும் இல்லை. "இது பட்டினி" என்றார். "திணிக்கவும் கூடாது, பட்டினி போடவும் கூடாது. பொண்டாட்டி புள்ள மாதிரியே இருக்குது."

"ஆருக்கு இங்க பட்டினி?" என்றேன். பொம்பளைகள் எல்லாம் அவரைப் பார்த்துக் கொல்லென்று சிரித்தார்கள். அவர் உள்ளே போய் மறுபடியும் காப்பி போட்டார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்துவிட்டார்கள். குவியலில் கொஞ்சம்தான் மிச்சம். அப்பா கண் முன் வந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமையும் மேட்டின் விளிம்பில் நின்று கீழே பார்ப்பார், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை புது வண்டியைப் பார்ப்பார், 'நல்லா இருக்குதுங்க மாப்ள' என்பார். முறத்தை இன்னும் வேகமாக ஆட்டினேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா முறத்தை ஆட்டுவதை நிறுத்தினார். ரெண்டு விரலால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நடு நம்பர்.

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. போய் மாட்டு போ" என்றார்.

மாட்டினார். உதைத்தார். நான் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். விக்கல் இல்லை, 'பொளக்' இல்லை. முறுக்கினால் அப்படியே கூட வந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் பந்தலில் சாவி வாங்கினபோது இருந்த முகம். (மூன்றாவது ஜெட்டைப் பற்றிக் கேட்கிறீர்களா? வீட்டுக்கென்று ஒதுக்கிய மிளகில் இருந்திருக்கிறது. பிற்பாடு ஒருநாள் ரசத்துக்கு இடிக்கும்போது உலக்கையில் டங்கென்றது. இப்போது சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது.)

வியாபாரி வந்தார். "இவ்வளவு சுத்தமா ஒரு மிளகை நான் பாத்ததே இல்லீங்க" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். அவர் வண்டி வளைவு திரும்பியதும் என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டினார்.

"ஏறு புள்ள."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை இல்லீங்களே."

"யாபாரி வர்ற வரைக்கும்னு சொன்னேன். யாபாரி வந்துட்டுப் போயிட்டாரு. ஏறு, இல்லீன்னா நான் மறுபடியும் ஞாயம் பேச ஆரம்பிச்சிருவேன்."

மிக்சர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏறினேன். பாலம் வந்தது. பழக்க தோஷம், என் கால் தானாகவே இறங்கப் பார்த்தது. அவர் திரும்பாமலே இடது கையால் என் முழங்காலை அமுக்கிப் பிடித்தார். வளைவு. மேடு. ரெண்டாவது கியரிலிருந்து முதலுக்கு வந்தார், முறுக்கினார். வண்டி குனிந்து ஒரு இழுப்பு இழுத்தது. நான் அவர் முதுகில் போய் மோதினேன், அப்படியே ஒண்டிக்கொண்டேன். கண்ணைக்கூட மூடிக்கொண்டேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். திறந்தபோது சில்வர் ஓக் மரம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. என் கை பட்ட இடம் வந்தது, போனது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். புகையே இல்லை. தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு குலவைச் சத்தம் கேட்டது. காலையில் கொழிக்க உட்கார்ந்தவர்களில் எவளோ ஒருத்திதான்.

மேலே போய் வாசலில் நிறுத்தினார். நான் இறங்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். வேலை நாளில் எதிர்பார்க்கவில்லை போல, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். "வாங்க மாப்ள" என்றார். பழக்கத்தில் பின் சீட்டைப் பார்க்காமலே வண்டியைத் தாண்டி நடந்து வழக்கமான இடத்துக்குப் போய் விளிம்பில் நின்றார். கண்ணுக்குமேல் கையை வைத்துக் கீழே பார்த்தார். ரோடு காலியாகக் கிடந்தது. வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குரல் மாறிக் கேட்டார்.

"கண்ணு வரலீங்களா மாப்ள?"

என் வீட்டுக்காரர் ஓரமாகச் சாய்ந்துகொண்டார். நான்தான் சொன்னேன்.

"அப்பா, நான் இங்க வண்டியிலதானுங்க இருக்கறேன்."

திரும்பினார். என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடியும் கீழே அந்த ரோட்டைப் பார்த்தார். துண்டு வாய்க்குப் போனது, அன்றைக்குப் பந்தலில் போன மாதிரியே. ஆனால் இந்தத் தடவை எங்கேயும் ஓடிப்போகவில்லை. சிரிப்பும் அழுகையுமாக என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

"ஏஞ்சாமி, இப்படி வந்து எறங்கினா நான் என்ன பண்றது? இன்னும் அடுப்பே பத்த வெக்கலியே!"